க்ளட்ச் கை

முதல் மாதம் சிறுநீர் சிவந்தது.
குளியலறையில் நான் போட்ட சத்தத்தில்
நெயுசிலேனி கதவை உடைக்கவே வந்துவிட்டாள்.
மருந்துதானாம். முன்பே சொல்லியிருக்கிறார்கள்,
என் காதில்தான் ஏறவில்லை.
தொழுநோய் என்ற சொல்லுக்குப் பிறகு
அன்றைக்கு எதுவுமே ஏறவில்லை.

மூன்றாம் மாதம் கறுத்தேன்.
தொகன்டின்ஸ் ஆறு வற்றி மணல்திட்டு எழும் ஜூலை.
பின்சீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து,
"மணலில் படுத்துக் கிடந்தாயா, ஜுராந்திர்?" என்பார்கள்.
ஆமாம் என்பேன்.
ஹெல்மெட்டுக்குள் பொய் சொல்வது சுலபம்.
இதுவும் மருந்து, அந்தப் பழுப்பு உருண்டை.

வயிறு முறுக்கியது: மருந்து.
கணுக்கால் மீன்செதிலாய் உலர்ந்தது: மருந்து.
ஆகவே ஏழாம் மாதம்
காய்ச்சலோடு கையிலும் தொடையிலும்
தொட்டாலே துடிக்கும் சிவந்த முடிச்சுகள் எழும்பியபோது
எனக்குச் சந்தேகமே வரவில்லை.
ஒரே வீட்டில் நாலு முறை திருடியவனை
ஐந்தாம் முறை யார் விசாரிக்கிறார்கள்?

மூலைக் கடை வால்டெசீர் "ஒவ்வாமை" என்று
களிம்பு விற்றான்.
நான் பதினோரு நாள்
மாத்திரைப் பட்டையை வண்டி சீட்டுக்கு அடியில் போட்டு
அதன்மேல் உட்கார்ந்து
இம்பெராத்ரிஸ் முழுக்க ஆள் இறக்கினேன்.

நிறுத்திய பிறகும் காய்ச்சல் இறங்கவில்லை.
அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

சுகாதார நிலையத்திலிருந்து இரசில்டா வந்தாள்.
உடைக்காத குமிழ்களை எண்ணினாள்.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உதடு நீலமா?
கண்ணில் மஞ்சளா? அரிப்பா? தோல் உரிகிறதா?
இல்லை. இல்லை. இல்லை.
"வெள்ளை மாத்திரைக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்றால்
பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்திலேயே சொல்லியிருக்கும்.
ரத்தம் பார்த்துவிடுவோம், இருந்தாலும்."

பிறகு முழங்கையின் பின்குழியில் விரல் வைத்தாள்.
சுண்டுவிரல் வரைக்கும்
மின்கம்பி அறுந்து விழுந்தது.

"கண்ணை மூடு. இந்த நைலான் இழை
படும்போதெல்லாம் சொல்."
பக்கத்து வீட்டு குக்கர் கூவியது. பீன்ஸ் வாசம்.
யாரோ கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்து
என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், சவாரி போலும்.
காத்திருந்தேன்.
"ஆரம்பி," என்றேன்.
"முடித்துவிட்டேன்," என்றாள்.

பக்கவிளைவு என்பது பக்கத்தில் விளைவது.
களை. பயிரோடு சேர்த்துப் பொறுத்துக்கொள்வது.
எதிர்வினை வேறு.
கிருமி பெரும்பாலும் செத்துவிட்டதாம், உள்ளே துண்டுகள் கிடக்கின்றனவாம்,
உடம்பு செத்த பாம்பை அடிக்கிறது.
பாம்பின்மேல் விழும் அடி எவ்வளவு விழட்டும்.
நரம்பின்மேல் விழுகிறதே.
இரண்டுக்கும் தெர்மாமீட்டரில் ஒரே எண்,
முப்பத்தெட்டுப் புள்ளி ஒன்பது.
வலியிடம் யாரும் அடையாள அட்டை கேட்க முடியாது.

இப்போது சண்டையை அடக்க வேறொரு மாத்திரை.
பழையதை விடக்கூடாது, இதையும் விடக்கூடாது,
குறைப்பதென்றால் அவர்கள்தான் குறைப்பார்கள்.
முகம் ரொட்டியாக உப்பிவிட்டது.
இரவு இரண்டு மணிக்குப் பசி. நேற்று
நாளைக்கு வைத்த சோற்றையும் தின்றுவிட்டு
சமையலறை இருட்டில் நின்று
கையை மூடி மூடித் திறந்தேன்.
நெயுசிலேனி விளக்கைப் போட்டாள்: "இது எது?
மாத்திரையா, மற்றதா?"
"பசி," என்றேன்.

க்ளட்ச்சை இரண்டு விரலால் பிடிக்கிறேன்.
மேட்டுச் சாலையில் வண்டி குலுங்கும்.
பெண்கள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள்,
அது எனக்கு நன்றாகத் தெரிகிறது.

தினம் காலையில், சாவி போடுவதற்கு முன்,
அவள் தம்பியின் தூண்டில் நரம்பை
ஒரு சாண் வெட்டி எடுத்துவந்து
என் சுண்டுவிரலுக்கு மேலே பிடிக்கிறாள்.
நரம்பைக் கொண்டு நரம்பைத் தேடுவது.
கண்ணை மூடிக்கொள்கிறேன்.
இன்று, "தொட்டாய்," என்றேன், சந்தோஷமாக.

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.
"இன்னும் இல்லை," என்றாள்.
"திறக்காதே. இரு."